முதல் பந்தி ரத்தம்

ஒரே ஆளுகிட்ட எதுக்கு ரெண்டு எடத்துல ரத்தம் எடுக்காவன்னுதான கேக்கீய? உள்ள டாக்டர்கிட்ட கேட்டா அவிய இங்கிலீஷ்ல சொல்லுவாவ, நீங்க தலைய ஆட்டிட்டு வெளிய வந்து என்கிட்டதான் கேப்பீய. மொதல்லயே என்கிட்ட கேட்டது நல்லதாப் போச்சு. தள்ளி உக்காருங்க தம்பி, இந்த பெஞ்சு அந்தப் பக்கம் ஆடும்.

எட்டாம் பெட்டு உங்க அம்மாதான? பாத்தேன். மணிக்கட்டு பூரா நாவப்பழக் கலருல இருக்கு. அது முன்னால வச்சிருந்தீயளே ஒரு ஆஸ்பத்திரி, அங்க குத்துனது. நாங்க இல்ல. நாங்க இன்னைக்குத்தான் ஆரம்பிக்கோம்.

சொல்லுதேன் கேளுங்க. ஒடம்புல ரெண்டு வகை ரத்தம் ஓடுது. நாடி பாக்குற எடத்துல துடிக்கே, அது தமனி. நெஞ்சுல இருந்து நேரா வாரது, செக்கச்செவேல்னு இருக்கும். முழங்கை மடக்குல பச்சையாத் தெரியுதே, அது சிரை. வேலையெல்லாம் முடிச்சிட்டுத் திரும்பிப் போற ரத்தம், கொஞ்சம் கறுத்து இருக்கும். பகல்ல பீடி சுத்திட்டு ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்சவன் நான். சயின்ஸ் நோட்டுல இதுக்குப் படம் போட்டு, செவப்புப் பென்சில் நீலப் பென்சில் வச்சு கலர் அடிச்சேன். வாத்தியாரு எல்லாருகிட்டயும் தூக்கிக் காட்டுனாரு. பீடி சுத்துற கைக்குக் கோடு நேரா வரும் பாத்துக்கிடுங்க. இங்க தமனிய ஆர்ட்டரிம்பாவ, சிரைய வெயினும்பாவ. எப்பிடிச் சொன்னாலும் எனக்கு வெளங்கும்.

மூச்சு முட்டி வாரவங்களுக்கு ரத்தத்துல புளிப்பு, அதான் ஆசிட்டு, ஏறிருச்சா, கெட்ட காத்து கூடிருச்சான்னு பாக்கணும். அதுக்கு ஆர்ட்டரிலதான் எடுக்கணும்னு காலங்காலமா முறை. அது ஆழத்துல கெடக்கு, குத்துனா உசுரு போவும். வெயின்னா எறும்புக்கடி. ஆனா வெயினு சொல்லுதத நம்பலாமா, நம்பக் கூடாதா? இந்த ஒரு கேள்வியாலதான் தம்பி, எங்க ஐசியூல ஒரு மழைக்காலம் பூரா யாரும் யாருகூடயும் முகங்குடுத்துப் பேசல.

எல்லாம் பலவேசத்தால வந்தது. ஆலங்குளம் பக்கம் ஒரு ஓட்டல்ல பரோட்டா மாஸ்டர் அவன். வருசக்கணக்கா அடுப்புப் புகைய இழுத்து நெஞ்சு கெட்டுப்போயி வந்தான். உள்ள கெட்ட காத்து தேங்கிக் கெடந்ததால ஆளு பேசுறது பாதி வெளங்காது. கையப் பத்தி மட்டும் வக்கீலு மாதிரிப் பேசுவான். காலைல ஒரு குத்து, சாயந்திரம் ஒரு குத்துன்னு ரெண்டு மணிக்கட்டும் வீங்கிப்போச்சு. டாக்டரம்மா செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், ரெண்டு கையயும் முதுகுக்கு அடில சொருகிட்டு மல்லாந்து படுத்துக்கிடுவான்.

"எம்மா, கால்ல குத்துங்க. காது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. மாவு வீசுறது மணிக்கட்டுதாம்மா. அது போச்சுன்னா நான் தோசை ஊத்தத்தான் லாயக்கு."

தோசை ஊத்துதது அவனுக்கு அவ்வளவு கேவலம். நான் ரெண்டும் தின்னுருக்கேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. இருந்தாலும் அவன் தொழிலு.

அந்த டாக்டரம்மா பேரு நிலோஃபர். மேலப்பாளையத்துப் பிள்ளை, மேல்படிப்புக்கு வந்திருந்தாவ. படிப்பு முடியணும்னா ஒரு ஆராய்ச்சி செஞ்சு எழுதிக் குடுக்கணும். அவியளுக்கு எளகுன மனசு. பலவேசம் பக்கத்துல உக்காந்து, "மாஸ்டர், வெயின் ரத்தமே போதும்னு நான் நிரூபிச்சுட்டா உங்க மணிக்கட்டத் தொட மாட்டேன்"னு வாக்குக் குடுத்துட்டாவ. குடுத்துட்டு நேரா பெரிய டாக்டர்கிட்ட போனாவ. ஞானதுரை சாரு. அவரு கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு. பதில் சொல்ல மனசில்லாட்டா அவருக்குக் கண்ணாடி அழுக்காயிரும்.

"நான் டாக்டரானதுல இருந்து மணிக்கட்டுலதான்மா குத்துதேன். வெயினும் அதே பதிலச் சொல்லுதுன்னு காட்டு, நிறுத்திருதேன். அது வரைக்கும் குத்து."

ஆரம்பிச்சாச்சு. பெட்டுல இருக்கவங்க வீட்டாளுககிட்ட கேட்டு, அவிய சரின்னு சொன்னா, ஒரே நேரத்துல ரெண்டு ஊசி. மணிக்கட்டுல டாக்டரம்மா எடுப்பாவ. முழங்கைல ஜெபசெல்வி சிஸ்டர் எடுப்பாவ. ரெண்டையும் கீழ லேபுக்குக் கொண்டு போறது நான். மிஷின் கீழ இருக்கு. மேல ஒண்ணு வேணும்னு டாக்டருங்க கேட்டுக்கிட்டே இருக்காவ, நிர்வாகமும் கேட்டுக்கிட்டேதான் இருக்கு.

"நாயகம் அண்ணே, இந்த ஆராய்ச்சியே உங்க கைலதான் இருக்கு. பத்திரமாக் கொண்டு போங்க"ன்னாவ டாக்டரம்மா. எம்பேரு கோமதிநாயகம். என்கிட்ட ஒரு வேலைய இப்பிடிச் சொல்லிட்டா அதுக்குமேல யாரும் கவலப்பட வேண்டாம்.

எப்பிடிக் கொண்டு போவேன்னா, ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு உண்டு. ஊசி முனையக் கழத்தி மூடி போட்டுத்தான் தருவாவ, பயப்படாதீய. டம்ளருக்குள்ள ஒரு ஊசிதான் ஐஸுல நல்லா முங்கும். ரெண்டு போட்டா ரெண்டும் தலைய நீட்டிட்டு நிக்கும். அப்ப டாக்டரம்மா ஊசி டம்ளர்ல. சிஸ்டர் ஊசிய எங்க வைக்க? கைல வச்சா படியில தவறிரும். இந்தா, இந்தச் சட்டைப் பைல வச்சுக்கிடுவேன். நெஞ்சோட. பச்சப்பிள்ளையக் கொண்டு போற மாதிரி ஒரு கையால பொத்திக்கிட்டே போவேன். ஐஸுல கெடக்கதவிட இதுக்குத்தான் கவனிப்பு அதிகம்னு வச்சுக்கிடுங்களேன்.

கீழ மிஷின்ல ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான். எதை மொதல்ல வைக்க? இதுல யோசிக்க என்ன கெடக்கு. டாக்டர் எடுத்தது மொதல்ல, சிஸ்டர் எடுத்தது பிறவு. இங்க டீ வந்தாலும் அப்பிடித்தான், லிஃப்டு வந்தாலும் அப்பிடித்தான். கல்யாண வீட்டுல சம்பந்தகாரங்க மொதப் பந்தில உக்காருவாவ, பந்தல் போட்டவன் கடைசில உக்காருவான். அதுக்காக அவனுக்குச் சோறு இல்லன்னா ஆயிட்டு? அதே சோறு, அதே சாம்பாரு. கொஞ்சம் ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு ஊசி முடிஞ்சா மிஷினு தன்னத்தானே கழுவிக்கிடும். அது கழுவி முடிக்கவும் ஆபரேசன் தியேட்டர்ல இருந்து ஒரு சாம்பிள் வரும். அங்க ஆள மேசைல போட்டு வச்சிருக்காவ, வழி விடணும்லா? விடுவேன். அது முடியவும் டயாலிசிஸ்ல இருந்து ஒண்ணு வரும். வந்தவன் மொகத்தப் பாத்தா பாவமா இருக்கும், அவனுக்கும் விடுவேன். லேபுல முப்பிடாதின்னு ஒரு பிள்ளை, கடையநல்லூர்க்காரி. "அண்ணாச்சி, உங்களுக்குள்ள பெருந்தன்மை இந்த ஆஸ்பத்திரில யாருக்கும் கெடையாது, இந்தாங்க டீ"ம்பா. குடிப்பேன். அந்த வெயின் ஊசி பாட்டுக்கு எம் பைக்குள்ள இருக்கும். ஒரு நாளும் அது மொணங்குனது கெடையாது.

ஆனா முடிவு வந்தா வில்லங்கமா வருது. ஒரே ஆளு, ஒரே நேரத்துல எடுத்தது, ஆர்ட்டரி ஒண்ணு சொல்லுது, வெயினு வேற ஒண்ணு சொல்லுது. ஆர்ட்டரி பரவால்லங்குது, வெயினு ஆளு புளிச்சே போயிட்டாங்குது. பலவேசத்த ஆர்ட்டரிப்படி பாத்தா கொஞ்ச நாளுல வீட்டுக்கு அனுப்பலாம். வெயின்படி பாத்தா வீட்டுக்குச் சொல்லி அனுப்பணும்.

ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் பெரிய டாக்டர் கேப்பாரு, "என்னம்மா, உன் வெயினு என்ன சொல்லுது?" உன் மாமியா என்ன சொல்லுதான்னு கேக்க மாதிரியே கேப்பாரு. டாக்டரம்மா தரையப் பாப்பாவ.

அவியளும் சும்மா இருக்கல. மிஷின் மேல சந்தேகப்பட்டாவ. மதுரைல இருந்து கம்பெனி ஆள வரவச்சாவ, அவன் மிஷினக் கழட்டி மாட்டிட்டு, மிஷினு நல்லா இருக்கு, மனுசந்தான் சரியில்லன்னுட்டுப் போயிட்டான். முப்பிடாதி மேல சந்தேகப்பட்டாவ, அது நாலு நாளு மூக்க உறிஞ்சிட்டு இருந்துச்சு. கடைசில ஜெபசெல்வி சிஸ்டர்கிட்ட போயி, "சிஸ்டர், கைல ரப்பர் கட்டும்போது ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டிருதீயளோ?"ன்னு கேட்டுட்டாவ.

கேக்கலாமா அப்பிடி? சிஸ்டர் ரப்பரச் சுருட்டி மேசைல வச்சாவ. "நீங்க ஸ்கூலு போவுதப்ப இருந்து நான் ரப்பர் கட்டுதேன் டாக்டர். எனக்குக் கட்டத் தெரியாதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது"ன்னாவ. அன்னைல இருந்து டாக்டரம்மா கொண்டு வார பிரியாணிய சிஸ்டர் தொடல. அது எவ்வளவு பெரிய கோவம்னு மேலப்பாளையத்து பிரியாணி தின்னவனுக்குத்தான் தெரியும். அவிய பங்கையும் சேத்து நான்தான் தின்னேன். வீணாப் போகக் கூடாதுல்லா.

நடுவுல நின்னு சமாதானம் பேசுனதும் நான்தான். டாக்டரம்மாகிட்ட சொன்னேன், "சிஸ்டரக் குத்தம் சொல்லாதீய. இது சிரையோட குணம். ஷிப்டு முடிஞ்சு வீட்டுக்குப் போறவன நிறுத்தி எப்பிடி இருக்கேன்னு கேட்டா நல்ல பதிலா வரும்?"

அவிய என்னையப் பாத்து, "இந்த ஆஸ்பத்திரில எனக்கு ஆறுதலா இருக்குறது நீங்க ஒருத்தர்தான் அண்ணே"ன்னாவ. கண்ணு கலங்கிருச்சு அவியளுக்கு.

இதுக்கெடைல பலவேசம் கெடந்து குத்துப்படுதான். ஒரு நாள் மத்தியானம் சோத்தத் தள்ளி வச்சுட்டான். பொண்டாட்டியக் கூப்புட்டு, "நம்ம வீட்டுக்குப் போவோம்ட்டீ. மூச்சு முட்டிச் செத்தாலும் கையோட சாவுதேன். இவிய என்னைய உசுரோட அனுப்புவாவ, கைய வச்சுக்கிடுவாவ"ங்கான். அந்தப் பொம்பள அழுவுது. டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பாத்தாவ. அவன் கேக்கல. "வாக்குக் குடுத்தீயளே, என்னாச்சு?"ன்னு ஒரே கேள்வி. மூக்குல மாட்டுன குழாயக் கழத்தப் போயிட்டான். வீட்டுக்குப் போனா அவன் ரெண்டு நாளு தாங்க மாட்டான், அது அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும்.

"நாளைக்கு ஒரு நாள் இருங்க மாஸ்டர், ஒரே ஒரு நாளு"ன்னு கெஞ்சிட்டு வெளிய வந்தாவ டாக்டரம்மா. மறுநாள் ரெண்டு ஊசியயும் என் கைல குடுத்துட்டு, "அண்ணே, இன்னைக்கு உங்ககூட நானும் வாரேன்"ன்னாவ.

எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஒரு டாக்டரு நம்ம வேலையப் பாக்க வாராவ. எப்பவும் செய்யுத மாதிரியே எல்லாம் செஞ்சேன், ஒண்ணும் கூட்டல, ஒண்ணும் கொறைக்கல. டம்ளர்ல ஒண்ணு, பைல ஒண்ணு. அவிய எம் பையவே பாத்துட்டு வந்தாவ. கீழ போனோம். டாக்டர் ஊசிய மிஷின்ல வச்சேன். கழுவ விட்டேன். தியேட்டர் ஆளு வந்தான், வழி விட்டேன். முப்பிடாதி டீ குடுத்துச்சு. டாக்டரம்மாவுக்கும் ஒண்ணு நீட்டுச்சு, அவிய வாங்கல. டயாலிசிஸ்காரன் வந்தான், விட்டேன். பிறவு பைல இருந்து வெயின எடுத்து, கதகதன்னு இருந்துச்சு, மிஷின்ல வச்சேன்.

"எப்பவுமே இப்பிடித்தானா அண்ணே?"

"எப்பவுமே டாக்டரம்மா. ஒரு நாள்கூட முறை தவறுனதில்ல."

"ஒரு நாள்கூட?"

"சத்தியமா. வேணும்னா முப்பிடாதியக் கேளுங்க."

முப்பிடாதியும் ஆமான்னுச்சு. டாக்டரம்மா வெளிய போயி படியில உக்காந்துட்டாவ. சிரிக்காவளா அழுவுதாவளான்னு தெரியல, தோளு மட்டும் குலுங்குது. காலைல சாப்பிடாம வந்திருப்பாவ, சுகர் எறங்கிருச்சு போலன்னு நான் ஓடிப்போயி குளுக்கோஸ் பிஸ்கட்டு வாங்கிட்டு வந்து குடுத்தேன். ஒண்ணைக் கடிச்சாவ. "அண்ணே, உடம்ப விட்டு வெளிய எடுத்தாலும் அந்த ரத்தத்துக்கு உசுரு இருக்கும்ணே. சூட்டுல வச்சா அது பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டே இருக்கும், புளிச்சுக்கிட்டே இருக்கும். தோசை மாவு மாதிரி"ன்னாவ.

வேலை பாக்குதது தப்பா? படிச்சவிய ஏதோ மனசு ஒடஞ்சு பேசுதாவன்னு விட்டுட்டேன்.

அன்னைக்கு ஒரு புதுச் சட்டம் வந்துச்சு பாருங்க. ரெண்டு டம்ளரு, ரெண்டுலயும் ஐஸு. தியேட்டர் வரட்டும், மந்திரி வரட்டும், ரெண்டும் ஒண்ணு பின்னால ஒண்ணா உடனே போவணும். அதுலயும் ஒரு தடவை ஆர்ட்டரி மொதல்ல, மறு தடவை வெயினு மொதல்ல. நான் சொல்லிப் பாத்தேன். "டாக்டரம்மா, உங்க ஊசிய ஓரத்துல நிறுத்திட்டு சிஸ்டர் ஊசிய மொதல்ல வைக்கச் சொல்லுதீய. நாலு பேரு பாத்தா என்னையத்தான் பேசுவாவ."

"பேசட்டும் அண்ணே. பேசுனா என்கிட்ட அனுப்புங்க."

ஜெபசெல்வி சிஸ்டருக்கு விசயம் தெரிஞ்சதும் ஆளே மாறிட்டாவ. வெயின் மொதல்ல போற முறை வந்தா வாசல் வரைக்கும் வந்து நின்னு வழியனுப்புவாவ, என்னமோ பிள்ளைய துபாய்க்கு அனுப்புத மாதிரி. பிரியாணியும் மறுபடி தின்ன ஆரம்பிச்சுட்டாவ. அதுல மட்டும் எனக்குக் கொஞ்சம் நட்டம்.

டாக்டரம்மா என்ன சொன்னாவளோ, பலவேசமும் இன்னும் நாலு நாளு இருக்கேன்னுட்டான். பிறவு வந்த முடிவப் பாக்கணுமே நீங்க. புளிப்புல ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணுபோல வருது. கெட்ட காத்துல சின்ன வித்தியாசம், அது எப்பவும் இருக்கதுதானாம். நல்ல காத்த மட்டும் வெயின்ல பாக்க முடியாது, அதுக்கு வெரல்ல மாட்டுத கிளிப்பு இருக்கு. ரொம்ப மோசமா இருக்கவங்களுக்குத்தான் ஆர்ட்டரி வேணும். பெரிய டாக்டர் கண்ணாடியத் தொடச்சாரு, தொடச்சாரு, அதுல தொடைக்க ஒண்ணும் இல்ல. "சரிம்மா, பரோட்டா மாஸ்டர் கைய விட்டுருவோம்"னாரு.

பலவேசம் பொழச்சுப் போனான். பிறவு ஒரு நாள் செக்கப்புக்கு வந்தவன் இந்த வாசல்ல நின்னு ரெண்டு மணிக்கட்டயும் சுத்திக் காட்டுனான். அடுப்புப் பக்கம் நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாவ. மாவு பெசைஞ்சு வீசிக் குடுக்கான், வேற ஒருத்தன் கல்லுல போடுதான். "அவனுக்குப் போடத் தெரியல அண்ணாச்சி, அத வாசல்ல நின்னு பாத்துட்டு இருக்கதுதான் சீக்கா இருக்கு"ன்னான்.

ஏன் அப்பிடி மாறுச்சுன்னு கேக்கீயளா? நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன் தம்பி. மரியாதைதான். அவ்வளவு காலமும் அந்த வெயினு கடைசிப் பந்தில உக்காந்த ரத்தம். ஒரு டம்ளரு, ஒரு ஐஸு, ஒரு நாள் மொதல் எடம்னு குடுத்துப் பாருங்க, தானா ஒழுங்காப் பதில் சொல்லுது. ரத்தமும் நம்மளப் போலதான.

எனக்கு இதுல ஒரே ஒரு மனத்தாங்கல். டாக்டரம்மா அதுக்கு முந்தி எடுத்த அத்தனையயும் தூரப் போட்டுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிச்சாவ. படிப்பு முடிய தள்ளிப் போச்சு, கல்யாணமும் தள்ளிப் போச்சு, மாப்பிள்ளை வீடு காயல்பட்டணத்துல இருந்து ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போச்சு. அம்புட்டும் நான் ஏறி எறங்கிக் கொண்டு போனது. நல்லாத்தான இருந்துச்சு? எதுக்குத் தூரப் போடணும்? கேட்டா, "விடுங்க அண்ணே"ன்னு சிரிச்சாவ. பிடிவாதக்காரிய.

ஆனா நன்றி மறக்காதவிய, அதையும் சொல்லணும். ஆராய்ச்சிய முடிச்சு மீட்டிங் ஹால்ல எல்லா டாக்டருக்கும் படம் போட்டுக் காட்டுனாவ. என்னையும் வரச் சொல்லியிருந்தாவ, பின்னால நின்னேன். திரைல ஒரு சட்டைப் பை படம் வந்துச்சு. நம்ம பையேதான், பேனா சொருகி வச்சிருக்க இந்தப் பை. ஹாலே சிரிச்சுது. எல்லாரும் திரும்பி என்னையப் பாத்தாவ. நான் கைகூப்பி நாலு பக்கமும் கும்பிட்டேன். ஒடனே கைதட்டுனாவ பாருங்க, பெரிய டாக்டரே தட்டுனாரு. இப்பவும் புதுசா படிக்க வாரவிய எல்லாருக்கும் அதச் சொல்லித்தான் குடுக்காவ. ரத்தம் எடுத்ததுக்கும் மிஷின்ல வச்சதுக்கும் நடுவுல போற நேரத்துக்கு இங்க 'நாயகம் டைம்'னே பேரு. "நாயகம் டைம் எவ்வளவு?"ன்னு லேபுக்குப் போனப் போட்டுக் கேக்காவ. நமக்குப் பிறவும் பேரு நிக்கும்லா.

உங்க அம்மாவுக்கு வருவோம். இப்ப வழக்கம் என்னன்னா, புதுசா வாரவங்களுக்கு மொதத் தடவை மட்டும் ரெண்டும் எடுப்பாவ. ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா இனி மணிக்கட்டத் தொட மாட்டாவ, முழங்கைல எறும்புக்கடிதான். ஒத்து வரலன்னா வேற வழியில்ல, மணிக்கட்டுலதான் குத்துவாவ, காலைலயும் சாயந்திரமும். அதனால இன்னைக்கு எடுக்கதுதான் முக்கியம். நீங்க கவலப்படாதீய. கொண்டு போறது நான்.

இருங்க, சிஸ்டர் தலைய நீட்டுதாவ.

என்ன சிஸ்டர்? எட்டாம் பெட்டா? இந்தா வந்துட்டேன். இந்தத் தம்பியோட அம்மாதான்.

யாரு எடுத்தா? பெரிய டாக்டரா? ஞானதுரை சாரேவா?

தம்பி, உங்க அம்மாவுக்குப் பாக்கியம். அவரு ஊசி தொட்டு வருசக்கணக்காச்சு. மணிக்கட்டு வீங்கிக் கெடக்கேன்னு அவரே குனிஞ்சு எடுத்திருக்காரு.

தெரியும் சிஸ்டர், இந்தத் தடவை முறை வெயினுக்குத்தான், எனக்கு மறக்குமா. ஆனா இதுவரைக்கும் இப்பிடி ஒரு சிக்கல் வந்ததே இல்ல பாத்துக்கிடுங்க தம்பி. அவரு கையால எடுத்ததக் கொண்டுபோயி எப்பிடி ரெண்டாவதா நிறுத்த? ஒரு தடவைதான. வெயினு கொஞ்சம் காத்துக் கெடந்தா கோவிக்காது, நான் சொல்லிக்கிடுதேன்.

நீங்க எதுக்கு எந்திரிக்கீய? உக்காருங்க தம்பி. நான் பாத்துக்கிட மாட்டனா.